மூங்கிலிலை ஓக்: நகரத்தில் நட்டு வளர்க்க ஒரு வழிகாட்டி

ஆசிய ஓக் வகைகளில் நகரத் தெருவுக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் மூங்கிலிலை ஓக்கை முதலில் பார்க்கலாம். தாவரப் பெயர் குவெர்கஸ் மிர்சினிஃபோலியா. ஜப்பானில் ஷிராகாஷி என்பார்கள். நர்சரிப் பட்டியலில் இவற்றில் எந்தப் பெயரும் இருக்கலாம். சீனா, ஜப்பான், கொரியாவின் ஜேஜு தீவு, லாவோஸ், வியட்நாம், வட தாய்லாந்து ஆகியவை இதன் தாயகம். ஸ்காட்லாந்துத் தாவரச் சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் இதை 1854இல் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். காட்டில் 20 மீட்டர் வரை போகும். நகரத்தில் 10 முதல் 15 மீட்டரில் நின்றுவிடும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

ஆண்டு முழுதும் பச்சையாக இருக்கும், பட்டை வழவழப்பான சாம்பல் நிறம், கட்டடங்களின் அரைநிழலைப் பொறுத்துக்கொள்ளும், கவாத்துக்கு அஞ்சாது. டோக்கியோவைச் சுற்றிய கான்டோ சமவெளியில் தெருவோரம், பூங்கா, வீட்டு வேலி என எல்லா இடத்திலும் இதைக் காணலாம். ஆனாலும் நட்ட கன்றுகளில் கணிசமானவை முதல் சில ஆண்டுகளில் தேங்கிப்போகின்றன. காரணம் பெரும்பாலும் நோயோ பூச்சியோ இல்லை. கன்றை ஆழமாகப் புதைத்திருப்பார்கள், தொட்டியில் சுருண்ட வேரை அவிழ்க்காமல் வைத்திருப்பார்கள், அல்லது ரோலர் ஓடி இறுகிய மண்ணில் நட்டிருப்பார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் மண்ணுக்குக் கீழே நடப்பதைப் பற்றியே இருக்கும்.

முதலில் இடம்

குளிர்காலம் என்று ஒன்று இருக்கும் ஊர்தான் இதற்கு ஏற்றது. நன்கு வேரூன்றிய மரம் உறைநிலைக்குப் பல டிகிரி கீழே போகும் குளிரைத் தாங்கும். சிறு கன்று அவ்வளவு தாங்காது. புழுக்கமான, மழை பெய்யும் கோடை இதற்குப் பிடிக்கும். வெப்பமண்டல நாடுகளில் இது இயற்கையாக வளர்வது மலைப்பகுதிகளில். ஆகவே ஆண்டு முழுதும் வெயில் காயும் தாழ்நிலச் சமவெளியில் இதை வைத்துப் பந்தயம் கட்ட வேண்டாம். அங்கே அந்த மண்ணுக்குரிய மரத்தை நடுவதே மேல். வெளிநாட்டிலிருந்து கொட்டையோ கன்றோ வரவழைப்பதானால் தாவரத் தனிமைப்படுத்தல் துறையின் அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள். ஓக் நோய்கள் நாடுவிட்டு நாடு போவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

மண் லேசான அமிலத்தன்மையோடு, பி.எச். 5.5 முதல் 7க்குள் இருந்தால் நல்லது. நகர மண்ணில் சிமென்ட் குப்பையும் சுண்ணாம்புக் காரையும் கலந்திருப்பதால் பி.எச். 8ஐத் தொடுவது சாதாரணம். அந்த நிலையில் மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. புதுத்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாக வரும். ஒரு சோதனைப் பெட்டி வாங்கி முன்னதாகவே பார்த்துவிடுங்கள். இடிபாடு கலந்த மண்ணை நட்ட பிறகு திருத்த முடியாது, நடுவதற்கு முன் மாற்றத்தான் முடியும்.

அடுத்தது வடிகால். 30 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி எடுத்து நீரால் நிரப்புங்கள். அது வற்றியதும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குச்சி வைத்து அளங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் இறங்கினால் போதும். 1 செ.மீ. கூட இறங்கவில்லையென்றால் வேரழுகல் வரும் இடம் அது. அப்படிப்பட்ட இடத்தில் 30 செ.மீ. உயர மேடு கட்டி அதன்மேல் நடலாம், இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள். குழியின் அடியில் ஜல்லி கொட்டினால் வடிகால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். ஆகாது. சுற்றியுள்ள களிமண் நீரை விடாதவரை, ஜல்லி போட்ட குழியும் ஒரு தொட்டிதான்.

இதைவிட அதிகம் தவறவிடப்படுவது மண்ணின் கொள்ளளவு. தழை தரையில் படர்த்தும் நிழலில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறக்குறைய 0.6 கன மீட்டர் நல்ல மண் வேண்டும். 6 மீட்டர் விட்டமுள்ள தழை என்றால் நிழற்பரப்பு 28 சதுர மீட்டர், ஆக மண் 17 கன மீட்டர். வேர் இறங்கக்கூடிய ஆழம் 80 செ.மீ. என்று கொண்டால் 21 சதுர மீட்டர் திறந்த மண் தேவைப்படும். 2 மீட்டர் அகலப் பட்டையானால் பத்தரை மீட்டர் நீளம். நடைபாதையில் வழக்கமாக விடும் ஒரு மீட்டர் சதுரக் குழியில் ஒரு கன மீட்டர் மண்கூடத் தேறாது. அதில் வைத்த கன்று சில ஆண்டுகள் நன்றாகத் தெரியும், பிறகு வளர்ச்சி நின்றுவிடும், அல்லது வேர் மேலே எழும்பி நடைபாதைக் கல்லைத் தூக்கும். அகலமான பட்டை கிடைக்காத தெருவில் இந்த மரத்தை வைக்காமல் இருப்பதுதான் சரியான முடிவு.

மின்கம்பிக்குக் கீழே வேண்டாம். சுவரிலிருந்து 5 மீட்டராவது தள்ளுங்கள். பொது இடமானால் நகராட்சியின் அனுமதியும், தோண்டுமுன் குழாய், கேபிள் செல்லும் வரைபடமும் கையில் இருக்க வேண்டும். பனியுருக்க உப்புத் தூவும் சாலையின் விளிம்பையும் தவிருங்கள்.

கொட்டையிலிருந்து தொடங்குவதானால்

சிறு எண்ணிக்கை போதுமென்றால் கன்று வாங்குவது எளிது. கொட்டையிலிருந்து வளர்த்தால் வேர் நம் கட்டுப்பாட்டில் இருக்கும் என்பது பெரிய லாபம்.

தாய்மரத்தைச் சரிபாருங்கள். இலை 6 முதல் 11 செ.மீ. நீளம், 2 முதல் 4 செ.மீ. அகலம், நுனி கூர்ந்து, அடிப்புறம் சாம்பல் பூத்த வெளிர் நிறத்தில், ஏறக்குறைய முடியில்லாமல் இருக்கும். இதோடு குழப்பிக்கொள்ளப்படும் குவெர்கஸ் கிளாக்காவின் இலை இன்னும் அகலம், மேல்பாதியில் மட்டும் பல் இருக்கும், அடியில் பட்டுப்போன்ற வெண்முடி படிந்திருக்கும். குவெர்கஸ் அக்யூட்டாவின் இலை விளிம்பில் பல்லே இராது, அதன் கொட்டை முதிர இரண்டு ஆண்டு ஆகும். மூங்கிலிலை ஓக்கின் கொட்டை பூத்த ஆண்டே இலையுதிர்காலத்தில் முதிர்ந்துவிடும். 1.4 முதல் 2.5 செ.மீ. நீளம். கிண்ணத்தைச் சுற்றி வளையம் வளையமாக 6 முதல் 9 கோடுகள் ஓடும். பல ஓக் வகைகள் கலந்து நிற்கும் பூங்காவில் பொறுக்கினால் கலப்பினம் வர வாய்ப்புண்டு. ஒரே இனம் கூட்டமாக நிற்கும் இடத்தில் எடுங்கள்.

வட அரைக்கோளத்தில் அக்டோபர், நவம்பர்தான் பொறுக்கும் காலம். முதலில் விழுபவற்றை விட்டுவிடுங்கள், பெரும்பாலும் அவை கூன்வண்டு குடைந்தவை. தரையில் கிடந்தும் கிண்ணம் கழலாத கொட்டையும், சிறு வட்டத் துளை உள்ளதும் வேண்டாம். பொறுக்கியதை ஓரிரவு நீரில் ஊறவைத்து, மறுநாள் மிதப்பதைக் கழித்துவிடுங்கள். ஊறவைக்காமல் உடனே சோதித்தால், சற்றே உலர்ந்த நல்ல கொட்டையும் மிதந்து வீணாகும். உள்ளே புழு இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் 48, 49 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 30 நிமிடம் வைக்கலாம். வெப்பமானி இல்லாமல் இதில் இறங்காதீர்கள். சூடு கொஞ்சம் கூடினாலும் முளைப்பு கெட்டுவிடும்.

நெல், பயறு போல இதை உலர்த்தி வைக்கக் கூடாது. உலர்ந்தால் ஓக் கொட்டை செத்துவிடும், மறுபடி நனைத்தாலும் பிழைக்காது. உடனே விதைக்கலாம். அல்லது கையால் பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமுள்ள தென்னை நார்த்தூளில் கலந்து, நாலைந்து துளையிட்ட பாலித்தீன் பையில், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் 2 முதல் 4 டிகிரியில் இளவேனில் வரை வைக்கலாம். ஃப்ரீசர் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து பூஞ்சை பிடித்ததை எடுத்துப் போடுங்கள். உள்ளேயே வேர் முளை நீட்டிவிட்டால் பதற வேண்டாம், அதை முறிக்காமல் எடுத்து உடனே நடுங்கள்.

நாற்றுத்தொட்டி அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருப்பது முக்கியம். 30 செ.மீ. ஆழம், அடியில் வலை, தரையிலிருந்து தூக்கி வைத்த தட்டு. ஆணிவேர் கீழே வந்து காற்றைத் தொட்டதும் நுனி காய்ந்து நின்றுவிடும், மேலே பக்கவேர்கள் பெருகும். மூடிய அடி உள்ள தொட்டியில் அதே வேர் அடியைத் தொட்டுச் சுருளத் தொடங்கும். அந்தச் சுருள் வயதோடு தடித்து, பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து மரத்தின் கழுத்தையே நெரிக்கும். தொட்டிக் கலவைக்கு நார்த்தூளோ மட்கிய மரப்பட்டையோ இரண்டு பங்கு, பருமணல் அல்லது பெர்லைட் ஒரு பங்கு, தோட்ட மண் ஒரு பங்கு. கொட்டையைப் படுக்கைவாட்டில் 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் வையுங்கள். மேலே எலியும் அணிலும் நுழையாத நெருக்கமான கம்பிவலை கட்டாயம். வலை போடாத தட்டை ஓரிரவில் காலி செய்துவிடும்.

முதலில் வேர் இறங்கும், தண்டு வாரக்கணக்கில் பிந்தி வரும். அதுவரை தோண்டிப் பார்க்காதீர்கள். முதல் ஆண்டு ஒரு சாண் உயரம் வந்தால் திருப்தி கொள்ளலாம். நேரடி வெயிலில் பாதியை வலைநிழலால் தடுங்கள். இரண்டாம் ஆண்டு இறுதியில் அல்லது மூன்றாம் ஆண்டு நிலத்துக்கு மாற்றலாம்.

கன்று வாங்கும்போது

உயரத்தில் மயங்காதீர்கள். ஒன்றரை முதல் 2 மீட்டர், அடித்தண்டு 2 முதல் 2.5 செ.மீ. விட்டம் உள்ள கன்று, 4 மீட்டர் மரத்தைவிட விரைவில் காலூன்றும். பெரிய மரம் பழைய வேர்ப்பரப்பை மீட்கவே சில ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும், அதற்குள் சிறியது அதை எட்டிப்பிடித்துவிடும். தொட்டியை உருவிப் பார்க்க விடாத நர்சரியில் வாங்க வேண்டாம். மண்கட்டியின் வெளிப்புறம் வெண்ணிற நுனிவேர்கள் தெரிய வேண்டும். தடித்த வேர் வட்டமடித்திருந்தால் தள்ளுங்கள். தண்டு அடியில் சற்றே விரிந்து வேராகும் இடம் தெரிகிறதா என்று பாருங்கள். கம்பம் புதைத்ததுபோல நேராக மண்ணுக்குள் போனால், நர்சரியிலேயே ஆழமாக வைத்துவிட்டார்கள் என்று பொருள்.

தெருவுக்கு ஒற்றைத் தண்டு. வீட்டு முகப்புக்கு, அடியிலிருந்தே மூன்று முதல் ஐந்து தண்டு பிரியும் கன்று ஜப்பானில் மிகவும் விரும்பப்படுகிறது. வளர்ச்சி தண்டுகளுக்கிடையே பங்கிடப்படுவதால் மரம் அவ்வளவு பருக்காது.

நடவு

பசுமைமாறா ஓக் என்பதால் கடுங்குளிரில் நடக்கூடாது. இலை நீரை இழந்துகொண்டே இருக்கும், குளிர்ந்த மண்ணில் வேர் அதை ஈடுசெய்யாது. இளவேனிலில் மொட்டு விரியுமுன், அல்லது மழைக்காலத் தொடக்கத்தில், அல்லது கோடை தணிந்ததும் செப்டம்பர், அக்டோபரில் நடுங்கள்.

1. முந்தின நாள் தொட்டிக்கு நன்றாக நீர் விடுங்கள். உலர்ந்த மண்கட்டி நிலத்தில் இறங்கிய பின் நீரை வாங்காது, சுற்று மண் நனைந்தாலும் உள்ளே காய்ந்தே கிடக்கும்.

2. குழியின் அகலம் மண்கட்டியைப் போல மூன்று மடங்கு. ஆழம், அடுத்த இரு படிகளில் மேல்மண்ணை விலக்கி அடியைச் சீவிய பின் மிஞ்சும் மண்கட்டியின் உயரம் மட்டுமே, ஒரு விரற்கடை குறைந்தாலும் நல்லது. அடியைக் கிளறிவிட்டால் மரம் பிற்பாடு அமிழும், அதனால் அடியைத் தொடாதீர்கள். பக்கச் சுவர்களை மட்டும் கடப்பாரையால் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள். ஈரக் களிமண்ணில் மண்வெட்டி இழைத்த வழவழப்பான சுவரை இளவேர் துளைக்காது.

3. மண்கட்டியின் மேலே உள்ள மண்ணை விரலால் விலக்கி, முதல் தடித்த வேர் தெரியும் வரை போங்கள். அதுதான் தரைமட்டம். சில தொட்டிகளில் 5 முதல் 10 செ.மீ. மண்ணை எடுக்க வேண்டியிருக்கும். அந்த வேர் சுற்று நிலத்தைவிட 2 முதல் 3 செ.மீ. உயர்ந்து நிற்குமாறு வையுங்கள்.

4. கூரான ரம்பத்தால் மண்கட்டியின் நாலு பக்கமும் அடியும் 2 முதல் 3 செ.மீ. சீவி எடுங்கள். பார்க்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் சுருண்ட வேரை வெட்டினால்தான் வெட்டிய இடத்திலிருந்து புதுவேர் வெளிப்புறம் நோக்கிப் போகும்.

5. எடுத்த மண்ணையே திருப்பிப் போடுங்கள். எரு, உரம் எதுவும் குழிக்குள் வேண்டாம். குழிக்குள் மட்டும் கொழுத்த மண் இருந்தால் வேர் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். பாதி நிரம்பியதும் நீர் ஊற்றிக் காற்றிடைவெளியை அடக்குங்கள், காலால் மிதித்து இறுக்காதீர்கள்.

6. மண்கட்டியின் விளிம்பைச் சுற்றி 10 செ.மீ. உயர வரப்புக் கட்டி, 20 லிட்டர் நீர் மெதுவாக விடுங்கள். பின் 5 முதல் 8 செ.மீ. தடிமனில் மரச்சீவல் மூடாக்கு. தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்கட்டும். மூடாக்கைத் தண்டில் குவித்தால் பட்டை ஈரத்தில் அழுகும்.

7. காற்றடிக்கும் இடமானால் மண்கட்டிக்கு வெளியே இரண்டு முட்டுக்கழி நட்டு, கன்றின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் அகலமான நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு கொஞ்சம் ஆடவேண்டும், அப்போதுதான் அடி பருக்கும். ஓராண்டில் கழற்றிவிடுங்கள். மறந்துபோன நாடா பட்டைக்குள் புதைந்து தண்டை அறுக்கும்.

நாட்டு மரங்களை நெருக்கி நட்டுக் காடு உருவாக்கும் மியாவாக்கி முறையிலும் இந்த மரம் முக்கிய இடம் பெற்றது. கான்டோ பகுதியின் இயற்கைக் காட்டு மரம் என்பதால் அம்முறையை உருவாக்கிய ஜப்பானியத் தாவரவியலாளர் அக்கிரா மியாவாக்கி இதை நிறையப் பயன்படுத்தினார். அங்கே சதுர மீட்டருக்கு இரண்டு, மூன்று கன்றுகள் நெருக்கி நட்டுப் போட்டியிட விடுவார்கள். தெருமர நடவு அதற்கு நேர்மாறானது, அந்த இடைவெளிக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். வரிசையில் மரத்துக்கு மரம் 6 முதல் 8 மீட்டர். உயிர்வேலியானால் மீட்டருக்கு இரண்டு அல்லது மூன்று. குன்மா மாகாணத்தில் குளிர்காலத்து வறண்ட வாடையைத் தடுக்க வீட்டைச் சுற்றிக் கூரையளவு உயர வேலிகளாக இதை வளர்ப்பார்கள். அந்த அளவு கவாத்தைத் தாங்கும் ஓக் அரிது.

நீர்

அடித்தண்டின் விட்டம் ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒரு தடவைக்கு 4 முதல் 6 லிட்டர் என்று கணக்கிடுங்கள். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு மூன்று மாதம் வாரம் இருமுறை, அதன்பின் முதல் ஆண்டு முடியும்வரை வாரம் ஒருமுறை. மழை பெய்தால் விரலை மண்கட்டிக்குள் 5 செ.மீ. விட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், பக்கத்து மண்ணைத் தொட்டு ஏமாறாதீர்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டில் மழையில்லாத நாட்களில் பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஆனால் வரப்பை வெளியே தள்ளிக் கட்டி இரண்டு மடங்கு நீர். வேர் எங்கே போகவேண்டுமோ அங்கே நீர் இருக்க வேண்டும். தினம் ஒரு குவளை தெளிப்பது எதற்கும் உதவாது.

உரம் முதல் ஆண்டு தேவையில்லை.

கவாத்து

முதல் இரண்டு ஆண்டு முறிந்ததையும் காய்ந்ததையும் மட்டும் எடுங்கள். இலை குறைந்தால் வேருக்கு உணவு குறையும். மூன்றாம் ஆண்டிலிருந்து ஒரே நுனித்தண்டை முன்னிறுத்துங்கள். போட்டியிடும் இரண்டாவது நுனியைப் பாதியாகக் குறைத்தால் போதும், அடங்கிவிடும். இதை விட்டுவிட்டால் இரண்டு தண்டும் சம பருமனாகி நடுவே பட்டை சிக்கிக்கொள்ளும், 20 ஆண்டு கழித்துப் புயலில் பிளப்பது அந்த இடம்தான். பக்கக்கிளை எதுவும் அது பிறக்கும் இடத்தில் தண்டின் பாதிப் பருமனைத் தாண்டக் கூடாது.

அடிக்கிளைகளை ஒரேயடியாக உயர்த்தாதீர்கள். நடைபாதைமேல் 2.5 மீட்டர், வண்டி போகும் பக்கம் 4.5 மீட்டர் என்ற இறுதி உயரத்தை ஆண்டுக்கு இரண்டு மூன்று கிளையாகப் பல ஆண்டுகளில் எட்டுங்கள். ஒரு தடவையில் தழையில் கால்வாசிக்கு மேல் போகக் கூடாது. கிளையின் அடியில் உள்ள புடைப்பை விட்டு, அதன் வெளிவிளிம்பில் வெட்டுங்கள். புடைப்பையும் சேர்த்துச் சீவினால் காயம் மூடாது. வெட்டுவாயில் பெயின்ட் பூசவும் வேண்டாம்.

வேலியானால் வருடம் இரண்டு தடவை: இளவேனில் தளிர் முற்றிய பின் ஜூன், ஜூலையில் ஒன்று, செப்டம்பர் வாக்கில் லேசாக ஒன்று. அதற்குப் பிந்தினால் புதுத்தளிர் குளிரில் கருகும்.

எது நோய், எது இல்லை

தளிர் செம்பழுப்பாக, ஊதாச் சாயலோடு வரும். அது இயல்பு. ஏப்ரல், மே மாதத்தில் புதுஇலை வரும்போது பழைய இலை மஞ்சளாகிக் கொத்தாகக் கொட்டும். பசுமைமாறா மரம் இலை கொட்டுகிறதே என்று அந்த நேரத்தில் நீரைக் கூட்டி வேரை அழுகவிடுபவர்கள் உண்டு. தளிர் நன்றாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இலையின் அடியில் ஊதா கலந்த பழுப்பு வெல்வெட் போலப் படிந்தால் அது சிஸ்டோதீக்கா ரைட்டியை என்ற பூஞ்சை, ஜப்பானில் இந்த மரத்துக்கு வழக்கமாக வருவது. நெரிசலும் நிழலும் இருக்கும் வேலியில் அதிகம். மரம் சாகாது, அழகு கெடும். உள்கிளைகளைக் களைந்து காற்றோட்டம் விட்டு, விழுந்த இலையை அப்புறப்படுத்துங்கள். இலைமேல் கரும்புகை படிந்ததுபோல் இருந்தால் மேற்கிளையில் அசுவினியோ செதில் பூச்சியோ இருக்கிறது. அதைக் கழுவினால் கருமையும் போகும்.

இலை நுனி மட்டும் பழுப்பானால் வறட்சி அல்லது உப்பு. மரம் முழுதும் வாடி, மண் ஈரமாகவே இருந்தால் வேரழுகல். அப்போது நீர் விடுவதை நிறுத்தி, வேரின் மேற்புறத்தைத் திறந்து காயவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. நட்டு மூன்று நாலு ஆண்டில் உச்சிக்கிளை காய்ந்தால் மேலே தேடாதீர்கள், தண்டின் அடியைத் தோண்டிப் பாருங்கள். நெரிக்கும் வேர் ஒன்று அகப்படும், அல்லது முதல் வேர் ஆழத்தில் புதைந்திருக்கும்.

கோடையில் தண்டின் அடியில் மாவுபோல மரத்தூள் குவிந்தால் அதை அலட்சியப்படுத்த வேண்டாம். ஜப்பானில் பிளாட்டிபஸ் குவெர்சிவோரஸ் என்ற வண்டு, ரஃபேலியா குவெர்சிவோரா என்ற பூஞ்சையைச் சுமந்து வந்து ஓக் மரங்களை வாடவைக்கிறது. இலையுதிர் ஓக் வகைகள் பெருமளவில் சாகின்றன. பசுமைமாறா வகைகள் தாக்கப்பட்டாலும் பெரும்பாலும் தப்புகின்றன. அந்த அறிகுறி தெரிந்தால் வனத்துறைக்கோ நகராட்சிப் பூங்காத் துறைக்கோ தெரிவியுங்கள். வெட்டிய ஓக் விறகை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகாதீர்கள்.

வளர்ந்த பிறகு

இளவேனிலில் மகரந்தம் காற்றில் பரவும். ஒவ்வாமை உள்ளவர் வீட்டுச் சன்னலை ஒட்டி நடவேண்டாம். இலையுதிர்காலத்தில் கொட்டைகள் நடைபாதையில் உருண்டு வழுக்கும். முதியோர் நடமாடும் இடமானால் அந்த வாரங்களில் தினமும் பெருக்க ஏற்பாடு செய்யுங்கள். கொட்டையில் டானின் அதிகம், குதிரையும் மாடும் நிறையத் தின்றால் நஞ்சாகும்.

தெருவில் குழாய் பதிக்க யாராவது பள்ளம் தோண்ட வந்தால், மார்பளவு உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து 12ஆல் பெருக்குங்கள். 25 செ.மீ. தண்டு என்றால் 3 மீட்டர். அந்தச் சுற்றுக்குள் இயந்திரம் வரக்கூடாது, மண்ணோ செங்கல்லோ குவிக்கவும் கூடாது. கட்டாயம் போயாக வேண்டுமென்றால் கையால் தோண்டி, 2.5 செ.மீ.க்கு மேற்பட்ட வேரை வெட்டாமல் குழாயை அதன் அடியில் நுழைக்கச் சொல்லுங்கள். தோண்டிய பள்ளத்தை அன்றே மூட முடியாவிட்டால் வெளியே தெரியும் வேர்மேல் ஈரச்சாக்கைப் போர்த்தி வையுங்கள்.